எவ்வளவுக்குக் கேட்கலாம்?

ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஒருமுறை அவர் ஏறினார். கூட வேலை செய்தவர் வீட்டுக் கல்யாணம், பாதி வழியில் இறங்க வேண்டும். அந்த இடத்தில் இறங்க வேறு யாரும் இல்லாததால் பஸ் நிற்காமல் போய்விட்டது. "நிறுத்துங்க" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. கடைசி வரைக்கும் போய் இறங்கி, வெயிலில் நாலு மைல் திரும்பி நடந்திருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டீர்களா என்று அவரை யாரும் கேட்கவில்லை. சாப்பாடு இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை. மொய் எழுதிவிட்டுத் திரும்பிவிட்டார்.

இதை எனக்கு அவரேதான் சொன்னார், யாரோ மூன்றாம் மனிதருக்கு நடந்ததுபோல.

"ஏங்க, கண்டக்டர ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"அவரு யாரோடயோ பேசிகினு இருந்தாரு, வாத்தியாரம்மா. நடுவுல பூந்து கேட்டா நல்லாவா இருக்கும்?"

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் ரயிலடிக்காரர் என்றுதான் சொல்வோம். ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட் குமாஸ்தா. நாற்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் குடை, நெற்றியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் திருநீறு. சாப்பிடுகிற மெஸ்ஸில் சாம்பாரில் உப்பு இல்லாவிட்டால் உப்பில்லாமலே சாப்பிடுவார். மோர் ஊற்ற மறந்துவிட்டால் ரசத்தோடு எழுந்துவிடுவார். முடி வெட்டுகிறவர் எப்படி வெட்டி அனுப்புகிறாரோ அதுதான் அந்த மாதத்துக்கு அவர் தலை.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு வீட்டை விலைக்குக் கேட்க வந்தார்.

அந்த வீட்டின் முன்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். குளத்தைத் தாண்டி, மலைக்குப் போகும் வழியில் இருந்தது. என் வீட்டுக்காரர் எலிமெண்டரி ஸ்கூல் வாத்தியார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அது எங்களுக்கு நாலாவது வீடு. முதல் வீட்டில் குழந்தை அழுகிறது என்றார்கள். இரண்டாவதில் வீட்டுச் சொந்தக்காரர் மகள் புருஷனோடு திரும்பி வந்துவிட்டாள். மூன்றாவது வீட்டில் மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு சமைக்க வேண்டும். நாலாவதாகத்தான் இது கிடைத்தது. வாடகை எட்டு ரூபாய். பின்னால் ஒரு கிணறு, தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். திருத்தணியில் அப்படிப்பட்ட கிணறு அமைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உப்புத் தண்ணீரில் பருப்பு வேகவைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

பின்கட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார்கள். அவர்கள் கணவர் அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்து காலமானவர். அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். உடம்பு திடம், வாய் அதைவிடத் திடம். ஒரே பிள்ளை அரக்கோணத்தில் வேலையாக இருந்தான். வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு என்று அவன் ஒவ்வொரு முறை வரும்போதும் நச்சரிப்பான். அம்மாவுக்கும் சம்மதம்தான். ஆனால் விலையை மட்டும் அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள்.

"வாழ்ந்த வூட்டுக்கு நானா ஒரு வெல சொல்லமாட்டேன் கண்ணு. சொன்னா மகாலச்சுமிய நானே கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளினாப்பல. கேக்கறவங்க கேக்கட்டும். மனசுக்குப் புடிச்சா குடுத்துடறேன்."

விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள், வாங்க வந்தவர் கேட்க மாட்டார். சரியான ஜோடி என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்கும் சிரிப்புத்தான். அந்தச் சிரிப்புக்குக் கீழே நிம்மதியும் இருந்தது. வீடு விற்காதவரை நாங்கள் காலி செய்ய வேண்டியதில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தது ஞாபகம் இருக்கிறது. வாசலில் வந்து நின்றார், கூப்பிடவில்லை, கதவைத் தட்டவும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ, நான் கோலமாவு டப்பாவை எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன்.

"யாருங்க?"

"இல்ல... இந்த வூடு..."

"இந்த வூடுதான். இன்னா?"

"குடுக்கறதா சொன்னாங்க."

அம்மா அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். முன்கட்டு, முற்றம், பின்கட்டு என்று யாரும் காட்டுகிற வரிசையில் காட்டினார்கள். அவர் நேராகக் கிணற்றுக்குப் போனார். ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். அப்புறம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அடுத்த ஞாயிறு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். இப்படியே ஒன்றரை வருஷம்.

வீடு பழசுதான், அதை நான் மறைக்கவில்லை. முற்றத்து உத்திரத்தில் கரையான். மேற்குச் சுவரில் கை நுழைகிற விரிசல். ஓடுகள் பாதி சரிந்து கிடந்தன. தரையில் காரை பெயர்ந்து, குழந்தை தவழ்ந்தால் முழங்கால் சிராய்க்கும். இதையெல்லாம் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று முதலில் தெரிய வேண்டும், அதைக் கழித்துக்கொண்டு மீதிக்குக் கேட்க வேண்டும் என்பது அவர் முறை. முறையில் தப்பில்லை. கூட்ஸ் ஷெட்டில் கிழிந்த மூட்டைகளுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போடுவார்களாம். அந்தப் பழக்கத்தில் சட்டைப் பையில் ஒரு கட்டி வைத்துக்கொண்டு, எங்கெல்லாம் பழுதோ அங்கெல்லாம் எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போவார். மாதம் செல்லச் செல்ல வீடு முழுக்க வட்டம். கொலு வைக்கிற நாளில் வந்தவர்கள் இதென்ன புதுக் கோலமா என்று கேட்டார்கள்.

வீட்டு நிலைமை போதாதென்று ஊர் நிலைமை வேறு. அப்போது திருத்தணி ஆந்திராவில் இருந்தது. மெட்ராஸோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டமும் ஊர்வலமுமாகக் கிடந்த காலம். பத்திரம் தெலுங்கில் எழுதுவதா தமிழில் எழுதுவதா என்பதிலேயே ஊர் இரண்டுபட்டு நின்றது.

"ஆந்திராவுலயே நின்னுட்டா ஒரு வெல. மெட்ராசுக்குப் போனா ஒரு வெல. அத்த எங்க வெச்சிக் கூட்டறதுன்னு தெரியல சார்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"ரெண்டுத்துக்கும் நடுவுல வெச்சிக் கேளுங்களேன்."

"நடுவுலன்னா? எல்லைக்கல்லு மேலயா?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாய்த்துடுக்கு அதிகம், பயமும் அதிகம். அவர் வட்டங்கள் போடப் போட, இந்த ஆள் என்றைக்காவது கூட்டிக் கழித்து முடித்துவிடுவார் என்று தினமும் அவற்றை எண்ணிப் பார்ப்பேன். ஒருநாள் அவர் தவறவிட்டுப் போன சுண்ணாம்புக் கட்டி அடுப்பங்கரை ஓரம் கிடந்தது. எடுத்து, நல்ல தேக்கு உத்திரத்தில் ஒரு வட்டம் போட்டேன். பின்சுவரில் இரண்டு. பார்த்தால் அவர் போட்டதுபோலவே இருந்தது. இன்னும் நாலு மாதம் யோசிக்கட்டும் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் அந்த உத்திரத்தின் கீழே வந்து நின்றார். குடைக் கம்பியால் தட்டிப் பார்த்தார், கணீர் என்றது. மறுபடி தட்டினார். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இது நான் போட்டதில்லையே" என்று மெல்லச் சொன்னார்.

நான் தலை நிமிரவில்லை. யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. "போட்டிருந்தா ஏதோ இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வட்டத்தை நான் அழிக்கவில்லை.

ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று நான்தான் ஒருநாள் கேட்டேன். கேட்டால் சொல்லிவிடுவார். யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்ததுபோலச் சொல்லிவிடுவார்.

அவருக்குப் பெண்சாதி உண்டு. புத்தூரில் தாய்வீட்டில் இருக்கிறார். முன்பு இருவரும் ரயிலடிக்குப் பின்தெருவில் வாடகைக்கு இருந்தார்களாம். ஒரு கோடையில் கிணறு வற்றிக் கிடந்தபோது வீட்டுக்காரன் வந்து, நாலு குடித்தனக்காரர்கள் முன்னால், "ரெண்டு பேருக்கு எத்தினி கொடம் தண்ணி? குளிக்கிறீங்களா, கொட்டறீங்களா?" என்று சொல்லி அந்தப் பெண் கையிலிருந்த தாம்புக்கயிற்றைப் பிடுங்கிவிட்டான். இவர் அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார். அந்தப் பெண் திரும்பி இவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

"நீங்க இன்னா கேட்டீங்க அவன?"

"இன்னாத்த கேக்கறது வாத்தியாரம்மா? தண்ணி கொறச்சல்தானே. அவன் சொல்றதும் நாயந்தான்னு நெனச்சேன்."

அன்று மத்தியானமே அவள் புத்தூருக்கு ரயிலேறிவிட்டாள். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். "கேக்கறதுக்கு நாதியில்லாத எடத்துல நான் இருக்கமாட்டேன். சொந்தமா ஒரு கூரையும் கெணறும் என்னிக்கு ஆவுதோ, அன்னிக்கு சொல்லி அனுப்புங்க, வரேன்." ஆறு வருஷம் ஆகிவிட்டது.

"ஆறு வருசமா போய்ப் பாக்கலியா?"

"ரெண்டு வாட்டி போனேன். நல்லாதான் பேசினா. சோறு போட்டா. வரியான்னு கேக்கத்தான் வாய் வரல. அவளும் வரேன்னு சொல்லல."

மாதாமாதம் மணியார்டர் அனுப்புவார். அந்தத் துண்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன்.

"இவ்விடம் சுகம்னு எழுதுவேன்."

"வான்னு எழுதறது?"

"வூடு ஆவட்டும்" என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. தாம்புக்கயிற்றைப் பிடுங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று வீடு மாறியவள் நான். அந்தப் புத்தூர்ப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவள் பக்கம்தான் என் மனசு. இப்படி ஒரு ஆணா என்று அன்று முழுக்க என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன்.

ஆனால் அவரை வெறுக்க முடியாது. தனக்கென்று கேட்கத் தெரியாதவர், பிறருக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் கேட்காமலே பார்த்துவிடுவார். ஐப்பசி மழையில் என் அடுப்புக்கு நேர் மேலே ஒழுகிக்கொண்டிருந்தது. நான் ஒரு குண்டானை வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் போனவர், மறு ஞாயிறு ஒரு சாக்கில் பன்னிரண்டு ஓடு சுமந்துகொண்டு வந்தார். பக்கத்து வீட்டில் ஏணி கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்காமல், வெள்ளைச் சட்டையோடு குளியலறைச் சுவரைப் பிடித்துக் கூரைமேல் ஏறி, உடைந்த ஓடுகளையெல்லாம் மாற்றிவிட்டு முழங்கை சிராய்த்து இறங்கினார்.

இறங்கியதும் அவர் முகம் வாடிவிட்டது. "ஒழுகலுக்குன்னு ஒரு அறுபது ரூவா கழிச்சிருந்தேன். இப்போ ஒழுகல. அத்த திருப்பி சேக்கணும்" என்றார்.

"உன் ஓடு, உன் ஒழைப்பு. எதுக்கு நைனா சேக்கணும்?" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"வூடு ஒசந்துபோச்சில்ல?" என்றார்.

அவர் போனபிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்கள். "இந்த மனுசனுக்குத்தான் இந்த வூடு போவணும் கண்ணு. வாயத் தொறந்து ஒரு தொக கேட்டாருன்னா, அது எதுவா இருந்தாலும் சரி, அன்னிக்கே சாவியக் குடுத்துடுவேன்."

இதை நான் காதால் கேட்டேன். தெரியாது என்று பிறகு நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

மார்கழியில் அம்மா மருமகளின் பிரசவத்துக்காக அரக்கோணம் போயிருந்தார்கள். எனக்கும் அப்போது ஏழாம் மாதம். அந்த ஞாயிறு ரயிலடிக்காரர் வந்தவர் சுவர்ப் பக்கமே போகவில்லை. முற்றத்தில் நின்று சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். படிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"தையில மச்சானுக்குக் கல்யாணம். புதுசா ஒருத்தி வந்துட்டா அங்க எடம் பத்தாதுன்னு எழுதிக்கிறா. வூடு இன்னா ஆச்சின்னு கேட்டுக்கிறா." கார்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "அவ கேட்டுட்டா, வாத்தியாரம்மா."

அந்தக் கார்டை ஓரம் மடங்காமல் மறுபடி சட்டைப் பையில் வைத்தார்.

அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு அந்தத் தொகையைச் சொன்னார். ஒன்றரை வருஷமாகக் கூட்டிக் கழித்து வந்து நின்ற தொகை. "ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது."

நான் முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தேன்.

"எங்கிட்ட மூவாயிரம் இருக்குது. கொத்தனாரு, மரம், சுண்ணாம்பு, பத்திரச் செலவு எல்லாம் போவ இவ்ளோதான் நிக்குது. கொறச்சலா? அம்மா கோவிச்சிக்குவாங்களா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன். எனக்குத் தெரியும்.

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். நெற்றி வேர்த்திருந்தது, மார்கழி மாதத்தில்.

"எனக்கோசரம் நீங்க கேட்டு சொல்றீங்களா?"

அவர் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஆங், கேக்கறேன்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். என் வயதுக்கு அந்தக் கும்பிடு அதிகம்.

புதன்கிழமை அம்மா திரும்பி வந்தார்கள். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே பேரனைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு கேட்டார்கள்.

"ஞாயித்துக்கெழம நம்ம ரயிலடிக்காரரு வந்தாரா? ஏதாச்சும் கேட்டாரா?"

நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். "வந்தாரு. வழக்கம்போல பாத்துகினு போயிட்டாரு" என்றேன்.

"அந்த மனுசன் கேக்கறதுக்குள்ள நான் காசிக்கே போயிடுவேன்" என்று அம்மா உள்ளே போனார்கள்.

ஏதோ வாய் தவறி வந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அப்படி எழுதினால் அது இன்னொரு பொய். யோசித்துத்தான் சொன்னேன். பிரசவம் ஆகட்டும், நாலு மாதம் தள்ளட்டும், அதற்குப் பிறகு நானே அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். ஏழு மாத வயிற்றோடு ஐந்தாவது வீடு தேடி அலைய எனக்குத் தெம்பில்லை. அந்த இனிப்புத் தண்ணீரை விட மனமும் இல்லை. என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை.

வேறு யாராக இருந்தாலும் மறு ஞாயிறு வந்து, அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டிருப்பார்கள். அன்றே என் குட்டு உடைந்திருக்கும். அவர் கேட்க மாட்டார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தைரியத்தில்தான் நான் இருந்தேன்.

அந்த ஞாயிறு மாதிரி ஒரு நாளை நான் மறுபடி பார்க்கவில்லை. அவர் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். அம்மா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். தன் தொகை அம்மாவிடம் போய்விட்டது, பதில் அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த மனுஷன் இன்றைக்காவது கேட்பாரா என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் பனியைப் பற்றிப் பேசினார்கள். புதுவருஷத்துப் படித்திருவிழாவுக்கு இந்தத் தடவை கூட்டம் எப்படி இருக்கும் என்று பேசினார்கள். பேச்சு நின்றபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். சிக்கே இல்லாத தலையை வாரிக்கொண்டே இருந்தேன். மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த ஞாயிறு வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே அம்மா தன் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்.

தை பிறந்ததும் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு லுங்கி வியாபாரி வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. கிணற்றுப் பக்கம் திரும்பவில்லை. முன்கட்டில் எத்தனை தறி போடலாம் என்று காலால் அளந்தான். அதற்கு ஆன நேரம் என் உலை கொதிக்க ஆகிற நேரம்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆயிரத்தி எட்டுநூறு. நாளைக்கே எழுதிக்கலாம்" என்றான்.

அம்மா வாசற்பக்கம் பார்த்தார்கள். பிள்ளை, "இன்னாம்மா யோசன? ஒன்றர வருசத்துல வாயத் தொறந்து கேட்ட மொத ஆளு இவருதான்" என்றான்.

அப்போதும் நேரம் இருந்தது. இரண்டாயிரத்து நூற்றி நாற்பது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்க்குள் அந்தத் தொகை கல் மாதிரி கிடந்தது. அம்மா உள்ளே போய் வெற்றிலைத் தட்டை எடுத்துவந்தார்கள்.

வியாபாரி போனபின் அம்மா முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "நம்ம ஆளு இதே ஆயிரத்தி எட்டுநூறு கேட்டிருந்தாகூட அவருக்குத்தான் குடுத்திருப்பேன் கண்ணு. அதுக்குக் கீழ கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். இன்னா மனுசன் போ" என்று சொல்லிவிட்டு அழுதார்கள். வீடு போனதற்கு அழுதார்களா, அவருக்காக அழுதார்களா என்று பிரித்துப் பார்க்க எனக்கு அருகதை இல்லை.

முன்கட்டில் தறி போட வேண்டும், பதினைந்து நாளில் காலி செய்யுங்கள் என்று எங்களுக்கு உத்தரவு வந்தது. எனக்கு வேண்டியதுதான். குழந்தை ஐந்தாவது வீட்டில், உப்புத் தண்ணீரில்தான் பிறந்தது.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அந்த வருஷமே அவருக்குக் கூடூர்ப் பக்கம் மாற்றலாகிவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். புத்தூரில் அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

நாங்கள் காலி செய்கிற நாள். பாத்திரங்களைப் பழைய புடவையில் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அதற்கு முன்தினமே அரக்கோணம் போய்விட்டார்கள். நிமிர்ந்தால் வாசலில் அவர் நிற்கிறார்.

"வித்துட்டாங்களாமே" என்றார்.

"ஆங்."

கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சத்தியமாகச் செய்திருந்தேன். நீங்கள் அம்மாவிடம் சொன்னீர்களா என்று அவர் கேட்டால் போதும், காலில் விழுந்துவிடலாம் என்றுகூட இருந்தேன். அவர் கேட்கவில்லை.

"நீங்க சொல்லியிருப்பீங்க, எனக்குத் தெரியும். அவங்களுக்குக் கட்டல போலக்குது."

"இல்லீங்க, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வுடுங்க வாத்தியாரம்மா. கொறச்சல்னு மூஞ்சிக்கு நேரா சொல்லக்கூடாதுன்னுதான் அன்னிக்கு அத்தப் பத்தி ஒண்ணியும் பேசாம மோர் குடுத்தாங்க. நல்ல மனசு. நான்தான் கொறச்சிக் கேட்டுட்டேன்." காலி முற்றத்தை ஒருமுறை பார்த்தார். "வூடு அமையலன்னு அவளுக்கு எழுதிட்டேன்."

நான் மூட்டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் போகத் திரும்பியவர், ஏதோ மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்பதுபோல மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"எனக்கோசரம் இதுவரைக்கும் யாரும் யாரையும் ஒரு வார்த்த கேட்டதில்ல. நீங்க கேட்டீங்க. அது போதும்" என்றார்.

ஆங் என்றேன்.